நஸ்க்: பெயர்த்த சொல், பெயராத வசனம்

போடியில் 'ஏலம்' என்று யாராவது பேச்செடுத்தால், எந்த ஏலம் என்று தெரிந்துகொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். போடிமெட்டைத் தாண்டி மலைச்சரிவில் விளைவதும் ஏலம், அதை ஊருக்குள் இறக்கி விலை கேட்பதும் ஏலம். காய் ஏலம் வடமொழி 'ஏலா'வின் உறவு. விலை ஏலம் போர்த்துகீசியரின் 'லெய்லாவ்'. கடல் கடந்து வந்த அந்தச் சொல் தமிழ் நாக்கில் தேய்ந்து தேய்ந்து, மலையில் ஏற்கெனவே நின்ற சொல்லின் உருவத்தையே எடுத்துக்கொண்டது. வேர் இரண்டு, உருவம் ஒன்று. எல்லா மொழிகளிலும் நடப்பதுதான் இது.

இதற்கு நேர்மாறாக, ஒரே வேரில் பிறந்த ஒரு சொல் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றும் இரண்டு பொருளைச் சுமந்து நிற்பது அரிது. அரபு மொழியின் 'நஸ்க்' அப்படிப்பட்ட சொல். நூன், ஸீன், கா என்ற மூன்றெழுத்து வேர். 'நீக்குதல்' என்பது ஒரு பொருள், 'படியெடுத்தல்' இன்னொரு பொருள். இஸ்லாத்தில் ஒரு சட்டத்துக்குப் பதில் இன்னொரு சட்டம் வருவதற்கும் இந்தச் சொல்தான், வேதத்தைப் பார்த்து எழுதிக் காப்பதற்கும் இந்தச் சொல்தான். அழிப்புக்கும் காப்புக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று தேடினால், வேதத்தை அந்தச் சமுதாயம் எப்படிக் காத்தது என்பதே விளங்கிவிடும்.

பழைய அரபு அகராதிகாரர்கள் நஸ்க்குக்குப் பொருள் சொல்லும்போது மூன்று காட்சிகளைக் காட்டுவார்கள். வெயில் நிழலை நஸ்க் செய்தது. காற்று மணலில் பதிந்த தடங்களை நஸ்க் செய்தது. எழுத்தர் புத்தகத்தை நஸ்க் செய்தார். வெயில் வந்ததும் நிழல் போகிறது, காற்றடித்ததும் தடம் போகிறது. ஆனால் எழுத்தர் எழுதி முடித்த பிறகும் மூலப் புத்தகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முதல் இரண்டில் ஒன்று மறைகிறது, மூன்றாவதில் ஒன்று இரண்டாகிறது. மூன்றுக்கும் ஒரே வினைச்சொல் எப்படிப் பொருந்தும்?

இதற்கு விடை எங்கள் ஏலத் தோட்டத்தில் கிடைக்கிறது. ஏலம் நிழல் பயிர். மரநிழல் இல்லாத வெட்டவெளியில் வைத்தால் இலை கருகிவிடும். நிழல்மரத்தடியில் காய் எடுப்பவர்களுக்குத் தெரியும், நிழல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. காலையில் மரத்துக்கு மேற்கே விழுந்தது மாலையில் கிழக்கே கிடக்கும். வெயில் அதை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்திருக்கிறது. எழுத்தர் செய்வதும் அதுவே. ஓர் ஏட்டில் இருக்கும் எழுத்தை இன்னோர் ஏட்டில் கொண்டுபோய் வைக்கிறார். அரபு அறிஞர்களில் ஒரு சாரார், நஸ்க்கின் அடிப்படைப் பொருள் நீக்குவது என்றார்கள். இன்னொரு சாரார், இடம் மாற்றுவதே அடிப்படை என்றார்கள். இடம் மாற்றுவதற்கு அவர்கள் சொன்ன சொல் 'நக்ல்'. தாலுகா அலுவலகத்தில் 'அசலும் நகலும் கொண்டுவாங்க' என்று கேட்கிறார்களே, அந்த நகல்தான் இது. அசலும் அரபுதான்.

குர்ஆனுக்குள் இந்த வேர் நான்கே இடங்களில் வருகிறது. இரண்டாம் அத்தியாயம் 106ஆம் வசனத்தில், ஒரு வசனத்தை இறைவன் மாற்றினால் அதைவிடச் சிறந்ததையோ அதற்கு நிகரானதையோ தருவதாக வருகிறது. நஸ்க் கொள்கை முதன்மையாக நிற்பது இந்த வசனத்தின் மேல். 22:52இல், ஷைத்தான் இடையில் போடுவதை இறைவன் அகற்றுவதாக வருகிறது. இந்த இரண்டும் நீக்கல். 7:154இல் மூசா நபி சினம் தணிந்து கையில் எடுத்த பலகைகளின் எழுத்துக்கு 'நுஸ்கா' என்று பெயர். 45:29இல் மனிதர் செய்வதையெல்லாம் எழுதிப் பதிந்துகொள்ளும் செயலுக்கு இதே வேர். இந்த இரண்டும் எழுத்து. இரண்டு நீக்கல், இரண்டு பதிவு என்று வேதத்துக்குள்ளேயே சொல்லின் இரு கைகளும் சமமாக நிற்கின்றன.

வேதத்துக்கு வெளியே இந்த வேர் பெரிய குடும்பமாகக் கிளைத்தது. யூனானி ஹகீம் எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டுக்கு உருதுவில் 'நுஸ்கா'. மலேசியத் தமிழர்கள் அன்றாடம் பழகும் மலாய் மொழியில் 'நஸ்கா' என்றால் சுவடி. உயிர் ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குப் போகும் மறுபிறவிக் கொள்கைக்கு அரபியில் 'தனாஸுக்'. வாரிசுரிமைக் கணக்கில் 'முனாசகா' என்று ஒரு பாடம் உண்டு. ஒருவர் இறந்து சொத்து பாகம் பிரியும் முன்பே வாரிசுகளில் ஒருவரும் இறந்துவிட்டால், அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போய்ச்சேரும் கணக்கு அது. எல்லாவற்றிலும் ஒன்று இடம் விட்டு இடம் போகிறது.

இந்தக் குடும்பத்தில் உலகமே அறிந்த பிள்ளை 'நஸ்க்' எழுத்து. மிகப் பழைய குர்ஆன் ஏடுகள் ஹிஜாஸி எழுத்திலும், கோணம் கோணமாக நிற்கும் கூஃபி எழுத்திலும் இருக்கின்றன. படியெடுப்பவர்களுக்கு வேகமாகவும் தெளிவாகவும் எழுதக்கூடிய வளைவான எழுத்து தேவைப்பட்டது. பாக்தாதில் இப்னு முக்லா எழுத்துகளுக்கு அளவு வகுத்தார். அவர் 940இல் இறந்தார். அவர் வழியில் வந்த இப்னுல் பவ்வாப் ஹிஜ்ரி 391இல், அதாவது 1000-1001இல், காகிதத்தில் நஸ்க் எழுத்தால் எழுதி முடித்த முழுக் குர்ஆன் இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. படியெடுக்கும் எழுத்து என்பதால்தான் நஸ்க் என்று பெயர். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ்க் கிதாபுகள் கல்லச்சில் ஏறியதும் இந்த எழுத்தில்தான். நீக்குதல் என்ற பொருளையும் சுமந்த சொல், ஆயிரம் ஆண்டாக வேதத்தைச் சுமக்கும் எழுத்துக்குப் பெயராக இருக்கிறது.

இந்தச் சொல்லை நான் முதலில் சந்தித்தது அகராதியில் இல்லை. எங்கள் ராதா, அதாவது தாத்தா, மவுத்தானபோது நன்னிமா இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் காலம் அது. சுவரில் மாட்டிய நாட்காட்டியில் தினமும் தாளைக் கிழித்து அவரிடம் கொடுப்பது என் வேலை. கிழித்த தாள்களை அவர் ஒரு ஓவல்டின் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். சில வருடம் கழித்து மதரஸாவில் ஆசிரியரான ஹஜரத்திடம் இரண்டாம் அத்தியாயமான அல்பகராவைப் பொருளோடு பார்த்தபோது 234ஆம் வசனத்தில் அந்த நான்கு மாதம் பத்து நாள் இருந்தது. ஆறு வசனம் தள்ளி, 240இல், கணவன் இறந்தால் மனைவியை ஒரு வருடத்துக்கு வீட்டை விட்டு வெளியேற்றாமல் ஆதரிக்க வேண்டும் என்ற வஸிய்யத், அதாவது உயில், இருந்தது.

"ஹஜரத், எங்க நன்னிமா நாலு மாசம் பத்து நாள்தானே இருந்தாங்க? இங்க ஒரு வருசம்னு இருக்கே?"

"அது மாத்தப்பட்டது தம்பி. முன்னாடி பாத்தியே, அதுதான் சட்டம்."

"அப்ப இதை எதுக்கு இன்னும் ஓதுறோம்?"

ஹஜரத் சிரித்துவிட்டார். "இதே கேள்விய உஸ்மான் ரலியல்லாஹு அன்ஹுகிட்டயே ஒருத்தர் கேட்டுட்டாரு" என்றார்.

கேட்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர். புகாரியின் நபிமொழித் தொகுப்பில் அந்த நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. 240ஆம் வசனத்தை மற்ற வசனம் மாற்றிவிட்டதே, பிறகு ஏன் அதை ஏட்டில் எழுதுகிறீர்கள் என்று அவர் கலீபா உஸ்மானிடம் கேட்டார். எதையும் அது இருக்கும் இடத்திலிருந்து தாம் பெயர்க்கப் போவதில்லை என்பதுதான் கலீபாவின் பதில். சட்டம் மாறியதை அவர் மறுக்கவில்லை. ஆனாலும் சொல்லை எடுக்கும் உரிமை தமக்கு இல்லை என்றார். பின்னால் வந்த சட்டம் ஏட்டில் முன்னாலும், முன்னால் வந்த சட்டம் பின்னாலும் இருக்கும் அந்த வரிசையைக்கூட அவர் தொடவில்லை.

அந்த உஸ்மானின் காலத்தில்தான் படியெடுக்கும் பெரிய வேலை நடந்தது. நபிகள் நாயகம் மறைந்தபின், 632-633இல் யமாமா போரில் குர்ஆனை நெஞ்சில் ஏந்திய பலர் உயிரிழந்தார்கள். அச்சம் கொண்ட நபித்தோழர் உமர், கலீபா அபூபக்கரிடம் குர்ஆனைத் தொகுக்கச் சொன்னார். ஸைத் இப்னு ஸாபித் பேரீச்ச மட்டைகளிலிருந்தும் தட்டைக் கற்களிலிருந்தும் மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் அதைத் திரட்டினார். அந்த ஏடுகள் பின்னர் நபிகளாரின் மனைவி ஹஃப்ஸாவிடம் இருந்தன. சுமார் 650இல், ஊருக்கு ஊர் ஓதும் முறை வேறுபட்டுச் சண்டை எழுந்தபோது, உஸ்மான் ஹஃப்ஸாவுக்கு ஆள் அனுப்பினார். ஏடுகளைக் கொடுங்கள், படியெடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்பது செய்தி.

அந்தச் செய்தியின் அரபு மூலத்தில் இரண்டு வினைகளைக் கவனிக்க வேண்டும். படியெடுக்கிறோம் என்பதற்கு வந்த சொல் 'நன்ஸகு'. 2:106இல் 'நாம் மாற்றினால்' என்று இறைவன் சொல்லும் இடத்தில் இருப்பதும் அதே வினையின் அதே தன்மைப் பன்மை. திருப்பித் தருகிறோம் என்பதற்கு வந்த சொல் 'நருத்து'. அதன் வேர் 'ரத்'. திருப்பு, திருப்பி அனுப்பு, ஏற்க மறு என்றெல்லாம் பொருள் விரிந்து, உருது வழியாகத் தமிழுக்கு வந்து 'ரத்து' ஆனது அந்த வேர்தான். இன்று ரயில் ரத்து, தேர்வு ரத்து, ஒப்பந்தம் ரத்து என்கிறோமே, அதன் முன்னோர் ஒரு வேத ஏட்டை உரியவரிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்த செய்தியில் இருக்கிறார்.

அன்று அழிப்பும் நடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. படிகளை மாகாணங்களுக்கு அனுப்பிய உஸ்மான், மற்றவர்களிடமிருந்த வேறு ஏடுகளை எரிக்கச் சொன்னார். 1972இல் ஏமன் நாட்டின் ஸனா பெரிய பள்ளிவாசலில் பழுது பார்த்தபோது கிடைத்த தோலேடுகளில் ஒன்றில், முதலில் எழுதியதை அகற்றிவிட்டு அதன் மேல் இன்னொரு முறை குர்ஆனை எழுதியிருக்கிறார்கள். மேலே இருப்பது உஸ்மானிய வாசகம். அடியில் தெரிவதும் குர்ஆன்தான், ஆனால் சொற்களிலும் அத்தியாய வரிசையிலும் சில வேறுபாடுகளோடு. ஒரே தோலில் நீக்கலும் படியெடுப்பும் நடந்திருக்கின்றன. நஸ்க் என்ற சொல்லின் இரண்டு பொருளையும் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்த ஏட்டைப் பார்க்கலாம்.

அறிஞர்கள் நஸ்க்கை மூன்றாகப் பிரித்தார்கள். சட்டம் போய்ச் சொல் நிற்பது, சொல் போய்ச் சட்டம் நிற்பது, இரண்டும் போவது. பின்னிரண்டுக்கும் சான்று நபிமொழிச் செய்திகளில்தான் உண்டு. அவற்றை ஏற்பதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஓதுகிறவரின் கண்முன் இருப்பது முதல் வகை. என் அத்தா, அதாவது அப்பா, பத்திர எழுத்தராக இருந்தவர் என்பதால் அந்த வகை எனக்குச் சுலபமாகப் புரிந்தது. பத்திரத்தில் ஒரு சொல் தவறிவிட்டால் அவர் சுரண்டமாட்டார். அடியில் இருப்பது படிக்கும்படி ஒற்றைக் கோடு இழுப்பார், மேலே சரியான சொல்லை எழுதுவார், பக்கத்தின் கீழே எந்த வரியில் அடித்தல், எந்த வரியில் திருத்தல் என்று குறித்துக் கையெழுத்து வாங்குவார். ஒருவர் எழுதிக் கொடுத்த பத்திரத்தை ரத்து செய்தாலும், பழைய பத்திரம் பதிவேட்டிலிருந்து கிழிந்து போவதில்லை. ரத்துப் பத்திரம் என்று புதிதாக ஒன்று பதிவாகும். வில்லங்கச் சான்று போட்டால் இரண்டும் அடுத்தடுத்து வரும். "கிழிச்சுட்டா என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்பார் அத்தா.

அவர் தொழிலைத் தொட்ட ஒரு வசனமும் இந்தப் பட்டியலில் உண்டு. 2:180, சாகும் தறுவாயில் பெற்றோருக்கும் உறவினருக்கும் வஸிய்யத் செய்யச் சொல்கிறது. பிறகு நான்காம் அத்தியாயம் 11, 12ஆம் வசனங்கள் யாருக்கு எத்தனை பங்கு என்று பின்னக் கணக்கோடு வகுத்தன. வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்று நபிகள் நாயகம் சொன்ன செய்தியும் சேர்ந்தது. போடி, கம்பம், உத்தமபாளையம் ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனபி சட்டத்தில் இன்றும் இதுதான் நடைமுறை. சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும், வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். நபிமொழி குர்ஆன் வசனத்தை மாற்றுமா என்பதில் ஹனபிகள் ஒரு பக்கம், 820இல் மறைந்த இமாம் ஷாபியி மறுபக்கம். அவர் வழியில் நடப்பவர்கள் நம் கடற்கரை மரைக்காயர்கள். இந்த வாதத்தை இரு பக்கமும் நடத்த முடிந்ததற்குக் காரணம், 2:180 இன்னும் ஏட்டில் இருப்பது.

வசனம் நின்றதால் விளைந்த நன்மையும் அதுதான். தொடக்க காலத்தில் மாற்றப்பட்டவை என்று 200க்கும் மேற்பட்ட வசனங்களைச் சிலர் பட்டியலிட்டார்கள். 1505இல் மறைந்த ஸுயூத்தி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து சுமார் 20ஆகக் குறைத்தார். தில்லியின் ஷா வலியுல்லாஹ் (1703-1762) 'அல்ஃபவ்ஸுல் கபீர்' நூலில் ஐந்தாகக் குறைத்தார். நன்னிமாவின் இத்தாவைத் தொட்ட 2:240உம், அத்தாவின் தொழிலைத் தொட்ட 2:180உம் அந்த ஐந்தில் அடக்கம். 934இல் மறைந்த அபூ முஸ்லிம் இஸ்ஃபஹானியோ குர்ஆனுக்குள் ஒன்றுகூட மாற்றப்படவில்லை என்றார். 240 மாற்றப்படவே இல்லை, அந்த ஒரு வருடம் விதவையின் விருப்பத்துக்கு விட்ட சலுகை என்று முற்கால அறிஞர் முஜாஹித் சொன்னதையும் புகாரி பதிந்து வைத்திருக்கிறார். மாற்றப்பட்டதாகக் கருதியவற்றை அன்றே நீக்கியிருந்தால், முன்னோர் கணக்குச் சரியா என்று பின்னோர் திரும்பிப் பார்க்க வழியே இருந்திருக்காது.

காத்தது ஏடு மட்டும் இல்லை. குர்ஆனை மனத்தில் ஏற்றியவருக்குப் பெயர் 'ஹாஃபிழ்'. அந்த வேருக்குக் காவல் காத்தல் என்று பொருள். அரபியில் மனப்பாடம் செய்வதும் காவல் காப்பதும் ஒரே சொல். பஜ்ர் என்னும் விடியல் தொழுகை முடிந்து, தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் மெட்டை நோக்கிக் கிளம்பும் நேரத்தில், மதரஸாப் பையன்கள் முன்னும் பின்னும் ஆடியபடி 'சபக்' ஒப்பிப்பார்கள். சபக் என்றால் அன்றைய புதுப் பாடம். பழைய பாடத்தைத் தினமும் திருப்பி ஓதாவிட்டால் அது நழுவிவிடும். ரமலானில் தராவீஹ் தொழுகையில் ஜுஸு என்னும் முப்பது பாகங்களும் இரவு இரவாக ஓதி முடிக்கப்படும். முன்னால் நிற்கும் ஹாஃபிழ் ஒரு சொல் தடுமாறினால், பின்வரிசையில் நிற்கும் இன்னொரு ஹாஃபிழ் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பார். இதற்கு 'லுக்மா கொடுப்பது' என்று பெயர். லுக்மா என்றால் ஒரு வாய்ச் சோறு. தடுமாறியவருக்கு வாயில் ஊட்டுவதுபோல் சொல்லை ஊட்டுகிறார். 234இல் தடுமாறினாலும் லுக்மா உண்டு, 240இல் தடுமாறினாலும் உண்டு. நடப்பில் உள்ள சட்டமா இல்லையா என்று பார்த்து யாரும் லுக்மா கொடுப்பதில்லை.

நஸ்க்கைத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு இப்போது வரலாம். மேடைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் 'ரத்து', 'நீக்கம்', 'மாற்றம்' என்று கேட்கிறோம். மூன்றும் சொல்லின் பாதியைத்தான் பிடிக்கின்றன. முழுமையாகப் பிடிக்கும் சொல் தமிழில் பழையதாகவே இருக்கிறது. அது 'பெயர்த்தல்'. வேரோடு பெயர்த்தான் என்றால் இருந்த இடத்திலிருந்து எடுத்தான். ஏட்டைப் பெயர்த்தெழுதினான் என்றால் படியெடுத்தான். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவது மொழிபெயர்ப்பு. நீக்கலும் படியெடுத்தலும் இடம் மாற்றலும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. பனையோலை செல்லரிக்கும் முன் புது ஓலையில் பெயர்த்தெழுதி இலக்கியத்தைக் காத்த மொழிக்கு, எழுத்தைப் பெயர்ப்பதும் காப்பதும் ஒரே வேலை என்று தெரியாமலா இருக்கும்?

ஆகவே தமிழில் இஸ்லாமிய நூல்களைப் பெயர்ப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: நஸ்க்கை 'ரத்து' என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்க வேண்டாம். ரத்து என்று படித்தவுடன், வேதத்திலிருந்து எதையோ கிழித்துவிட்டார்கள் என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள். சட்டம் பெயர்ந்தது என்று எழுதுங்கள். சொல் பெயரவில்லை என்பதையும் அதே வரியில் சேர்த்து எழுதுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் வீட்டில் இருக்கும் குர்ஆனை எடுத்து இரண்டாம் அத்தியாயத்தைத் திறக்கலாம். 234உம் 240உம் இன்றும் ஆறு வசன இடைவெளியில் அதே இடத்தில் இருக்கின்றன.